ரெய்டு எதைப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ ஸ்டூடியோக்கள், அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் போன்ற இடங்களுக்கு ஸ்டோரேஜ் அமைத்துக் கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் எத்தனை டிபி கிடைக்கும், எவ்வளவு வேகம் வரும் என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. ஒரு டிஸ்க் போகிற அன்றைக்கு உங்கள் இடத்தில் என்ன நடக்கும்? அதை யார் மாற்றுவார்கள்? மாற்றி முடிக்கும் வரை வேலை ஓடுமா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை மனதில் வைத்துச் சொன்னவை.

1. ரெய்டு ரெய்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. அடிப்படையில அது என்ன சார்?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு ஒரே டிஸ்க்காகக் காட்டுகிற ஏற்பாடு. ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும், அல்லது பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் உழைப்பதால் வேகம் கூட வேண்டும். இந்த இரண்டில் எது உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து வகை மாறும்.

1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் வந்தது. ஐபிஎம் 3380 மாதிரி மெயின்ஃபிரேமுக்கான பெரிய, விலை உயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக, பிசிக்கான 100 எம்பி சின்ன டிஸ்க்குகளை நிறையச் சேர்த்து ஓட்டினால் என்ன என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடக் கூட அவற்றில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்கத்தான் கூடுதல் டிஸ்க். இன்றைக்கும் அதே கணக்குதான்.

2. 0, 1, 5, 6, 10... நம்பர் பெருசா இருந்தா நல்லதா?

இல்லை. நம்பர் வெறும் பெயர்தான்.

ரெய்டு 0 டேட்டாவைத் துண்டு போட்டு எல்லா டிஸ்க்கிலும் பரப்பும். முழு இடமும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு. ரெய்டு 1 ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும், அதனால் பாதி இடம்தான் மிஞ்சும். ரெய்டு 5-க்குக் குறைந்தது 3 டிஸ்க் வேண்டும். அதில் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, அதாவது கெட்ட டிஸ்க்கின் டேட்டாவைக் கண்டுபிடிக்க உதவும் தகவலுக்குப் போகும், ஏதாவது ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு 6-க்குக் குறைந்தது 4 டிஸ்க். இரண்டு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்குப் போகும், எந்த இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10 என்பது ரெய்டு 1 ஜோடிகளை ரெய்டு 0-வாகக் கோர்ப்பது. இதிலும் பாதி இடம்தான்.

2, 3, 4 எங்கே போயின என்று கேட்பவர்கள் உண்டு. 1988 கட்டுரையில் அவையும் இருந்தன. 2-ஐயும் 3-ஐயும் இன்று யாரும் போடுவதில்லை, 4 சில சிறப்பு சிஸ்டங்களில் மட்டும் இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

3. ரெய்டு போட்டாச்சுன்னா பேக்கப் வேண்டாம்ல?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ரெய்டு தாங்குவது டிஸ்க் கெட்டுப்போவதை மட்டும்தான். நீங்கள் தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால் அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் டெலீட் ஆகும். ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினால் ரெய்டு 1 அந்தப் பூட்டிய ஃபைல்களை மிக ஒழுங்காக இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். திருட்டு, தீ, மழைத்தண்ணீர், மின்னல் என்றால் டிஸ்க்குகள் எல்லாம் பாக்ஸோடு சேர்ந்தே போகும்.

அதனால் பணம் குறைவாக இருந்தால் முதலில் பேக்கப், மிஞ்சினால்தான் ரெய்டு. முக்கியமான டேட்டாவுக்கு மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்று 3-2-1 கணக்கு சொல்வார்கள். ஸ்டூடியோக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆல்பமும் வீடியோவும் டெலிவரி ஆகும் வரை ஒரு பிரதி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், அந்த டிஸ்க் ஸ்டூடியோவில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது. அதே நாஸுக்குள் (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பாக்ஸ்) இன்னொரு ஃபோல்டரில் காப்பி வைத்திருப்பது பேக்கப் கணக்கில் சேராது.

4. டிஸ்க் எல்லாம் அவ்வளவு சீக்கிரமாவா கெட்டுப்போகுது?

தனி டிஸ்க்காகப் பார்த்தால் குறைவுதான். ஏறத்தாழ 3 லட்சம் ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வருடா வருடம் தன் கணக்கை வெளியிடுகிறது. 2024-இல் அவர்களிடம் கெட்டவை 1.57 சதவீதம். அதே விகிதம் உங்களிடமும் என்று வைத்துக்கொண்டால், நாலு டிஸ்க் உள்ள பாக்ஸில் ஏதாவது ஒன்று ஒரு வருடத்தில் போகும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம். ஐந்து வருடம் ஓட்டினால் 27 சதவீதம். அவர்களுடையது குளிரூட்டிய டேட்டா சென்டர். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு, மே மாத வெயிலில் பூட்டிய அறைக்குள் ஓடும் நாஸுக்கு அதைவிட நல்ல எண் கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

5. என்கிட்ட ரெண்டு டிஸ்க்தான் இருக்கு. என்ன போடலாம்?

பகலில் வேலை நிற்கவே கூடாது என்றால் ரெய்டு 1. பத்துப் பேர் ஒரே டேலி டேட்டாவில் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸில், ரிட்டர்ன் கடைசித் தேதி அன்று டிஸ்க் போனால் ரெய்டு 1-இன் அருமை தெரியும். யாருக்கும் தெரியாமலே வேலை ஓடிக்கொண்டிருக்கும், சாயங்காலம் டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி பேக்கப் மூன்றாவதாக ஒரு டிஸ்க்குக்குப் போக வேண்டும்.

வீட்டில் குடும்பப் போட்டோக்கள் என்றால் ரெய்டே வேண்டாம். ஒரு டிஸ்க்கில் வைத்து, இன்னொன்றில் வாரம் ஒரு முறை காப்பி எடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். ஒரு நாள் போட்டோ பார்க்க முடியாமல் போனால் ஒன்றும் ஆகிவிடாது. தெரியாமல் டெலீட் செய்துவிட்டால்தான் பிரச்சினை, அதற்கு ரெய்டு 1 உதவாது.

6. பாரிட்டின்னு சொன்னீங்களே, மூணு டிஸ்க்கோட டேட்டாவை ஒரு டிஸ்க் இடத்துல எப்படி அடக்குறாங்க?

அடக்குவதில்லை. விட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிக்கப் போதுமான தகவலை மட்டும் வைக்கிறார்கள். ஒரு பிட்டை எடுத்துக்கொள்வோம். முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0, மூன்றாவதில் 1 இருக்கிறது. விதி ஒன்றே ஒன்று: பாரிட்டியையும் சேர்த்து எண்ணினால் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இங்கே ஏற்கனவே இரண்டு 1 இருப்பதால் பாரிட்டி 0. இப்போது மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் 1, 0, பாரிட்டி 0. ஒரே ஒரு 1 இருப்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படை. இரட்டைப்படை ஆக வேண்டும் என்றால் காணாமல் போனது 1-ஆகத்தான் இருக்க வேண்டும். இதையே கோடிக்கணக்கான பிட்டுகளுக்குச் செய்வதுதான் ரீபில்ட்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, ரீபில்ட் செய்ய மிச்சம் உள்ள எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்தாக வேண்டும். இரண்டு, சின்னதாக ஒரு மாற்றம் எழுதக்கூட ரெய்டு 5 பழைய டேட்டா, பழைய பாரிட்டி இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் நாலு வேலை. ரெய்டு 6-இல் ஆறு, ரெய்டு 10-இல் இரண்டுதான். உண்மையில் பாரிட்டி ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்காது, எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறிப் பரவியிருக்கும். கணக்கு அதேதான்.

7. நாலு 8 டிபி டிஸ்க் வாங்கியாச்சு அண்ணே. 5-ஆ, 6-ஆ, 10-ஆ?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. ரெய்டு 5 போட்டால் 24 டிபி, 6 போட்டாலும் 10 போட்டாலும் 16 டிபி. கல்யாண ஸ்டூடியோவுக்கு இந்த 8 டிபி வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 100 எம்பிபிஎஸ்-இல் (நொடிக்கு 100 மெகாபிட்) 4கே ஷூட் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் சேர்த்து மூன்று கேமரா தலா 8 மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 1 டிபியைத் தாண்டும். ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் டிஸ்க் போகிற நாளை யோசியுங்கள். 8 டிபி டிஸ்க்கை நொடிக்குச் சராசரியாக 150 எம்பி வேகத்தில் நிரப்பினாலும் சுமார் 15 மணி நேரம் பிடிக்கும். அது வேறு யாரும் தொடாமல் இருந்தால். பகலில் எடிட்டர்கள் அதே பாக்ஸில் வேலை செய்தால் இரண்டு நாள் கூட இழுக்கும். அந்த நேரம் முழுக்க ரெய்டு 5-க்குப் பாதுகாப்பே கிடையாது, மிச்சம் மூன்றில் எது போனாலும் கதை முடிந்தது. ரெய்டு 10-இல் மூன்றில் ஒன்று, அதாவது செத்ததன் ஜோடி போனால் மட்டும் ஆபத்து. ரெய்டு 6-இல் எது போனாலும் இன்னும் நிற்கும்.

என் தீர்ப்பு: வீடியோ, போட்டோ மாதிரி பெரிய ஃபைல்களுக்கு ரெய்டு 6. டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் போல சின்னச் சின்னதாக நிறைய எழுதும் வேலைக்கு ரெய்டு 10, காரணம் கேள்வி 6-இல் உள்ள நாலுக்கு இரண்டு கணக்கு. அன்றாட பேக்கப் உண்மையிலேயே எடுக்கிறீர்கள், எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்தும் பார்த்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் ரெய்டு 5. ரெய்டு 5 கேட்பவர்களில் பலரிடம் அந்தப் பேக்கப் இருப்பதில்லை.

8. 8 டிபி டிஸ்க் போட்டேன், விண்டோஸ்ல 7.27-ன்னுதான் காட்டுது. ரெய்டு சாப்பிட்டுடுச்சா?

இல்லை. டிஸ்க் கம்பெனி 1 டிபிக்கு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது.

9. ரெய்டு 5 செத்துப்போச்சு, ரீபில்ட் கண்டிப்பா ஃபெயில் ஆகும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

அவர்கள் போடும் கணக்கு இது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் ஸ்பெக் ஷீட்டில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை என்று போட்டிருக்கும். அதை பைட்டாக மாற்றினால் 12.5 டிபி. நாலு 8 டிபி டிஸ்க் ரெய்டு 5-இல் ரீபில்டுக்கு 24 டிபி படிக்க வேண்டும். ஆகவே கண்டிப்பாக இரண்டு பிழை வரும் என்கிறார்கள்.

இது மிகைதான். அந்த எண் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதத்தின் எல்லை, சராசரி இல்லை. அது சராசரியாக இருந்தால் மாதா மாதம் முழு டிஸ்க்கையும் படிக்கும் ஸ்க்ரப் ஒவ்வொரு முறையும் பிழையோடுதான் முடிய வேண்டும். நல்ல டிஸ்க்குகளில் அப்படி முடிவதில்லை. ஆனாலும் அபாயம் பொய்யில்லை. வருடக்கணக்கில் யாரும் படிக்காத மூலையில் ஒரு செக்டார் கெட்டுக் கிடக்கும், ரீபில்டு அன்றைக்குத்தான் அது தெரியவரும். அப்போது டிஸ்க்குகளை இணைத்து ரெய்டை நடத்தும் பழைய கன்ட்ரோலர் கார்டுகள் சில ரீபில்டையே நிறுத்திவிடும். இசட்எஃப்எஸ் போன்ற, ரெய்டையும் தானே நடத்தும் ஃபைல் சிஸ்டங்கள் பாதிக்கப்பட்ட ஃபைலின் பெயரைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும். 2 டிபி டிஸ்க் மூன்று இருந்தால் ரெய்டு 5 போட நான் தயங்க மாட்டேன். 8 டிபிக்கு மேல் போனால் ரெய்டு 6 என்பேன்.

10. ஒரு ஸ்பேர் டிஸ்க்கை உள்ளேயே சும்மா போட்டு வெச்சா ரெய்டு 5 போதாதா?

ஐந்து டிஸ்க் இருந்தால், நாலில் ரெய்டு 5 போட்டு ஒன்றை ஸ்பேராக வைப்பதும் ஐந்திலும் ரெய்டு 6 போடுவதும் ஒரே இடத்தைத்தான் தரும். ஸ்பேர் வழியில் ஒரு டிஸ்க் போன பிறகு ரீபில்ட் தொடங்கி, கேள்வி 7-இல் சொன்ன பாதுகாப்பில்லாத நேரத்தைக் கடந்தாக வேண்டும். ரெய்டு 6-இல் அந்த ரீபில்ட் ஏற்கனவே முடிந்த மாதிரிதான். அதனால் ரெய்டு 6.

அலமாரியில் ஒரு ஸ்பேர் டிஸ்க் வைத்திருப்பது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள். வாரன்ட்டிக்கு அனுப்பினால் மாற்று டிஸ்க் கைக்கு வர நாள் பிடிக்கும்.

11. எடிட்டிங் வேகமா ஓடணும். ரெய்டு 0 போட்டுக்கவா?

எடிட்டிங் கம்ப்யூட்டருக்குள்ளேயே என்றால் ஒரு நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேக டிஸ்க்) போதும். பல ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்த ரெய்டு 0-வை விட அது வேகம். நெட்வொர்க்கில் உள்ள நாஸ் என்றால் முதலில் வயரைப் பாருங்கள். கிகாபிட் லைனில் நொடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும், அதை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கே நிரப்பிவிடும். பின்னால் எத்தனை டிஸ்க்கைக் கோர்த்தாலும் எடிட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தில் 2.5 கிகாபிட் ஸ்விட்ச் வாங்குங்கள்.

கேஷ், ப்ராக்ஸி, ரெண்டர் செய்யும் தற்காலிக ஃபைல் என்று மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியதை மட்டும் ரெய்டு 0-வில் வைக்கலாம். கேமரா கார்டிலிருந்து இறக்கிய ஒரிஜினலை வைக்கவே கூடாது.

12. ரிச்சி தெருவுல டெஸ்க்டாப் டிஸ்க் விலை கம்மியா கிடைக்குது. அதைப் போட்டா என்ன?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது எஸ்எம்ஆர். இந்த வகை டிஸ்க்கில் இடத்தை மிச்சப்படுத்த ட்ராக்குகளை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் விளிம்பில் ஒன்றாக எழுதுவார்கள். ஒன்றை மாற்றினால் பக்கத்தில் உள்ளதையும் திருப்பி எழுத வேண்டும். தனி டிஸ்க்காக அவ்வப்போது காப்பி செய்யப் பரவாயில்லை. மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும் ரீபில்டில் வேகம் படுத்துவிடும், சில சமயம் டிஸ்க்கையே ரெய்டிலிருந்து கழற்றிவிடும். ரெய்டுக்கு ட்ராக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதான் வேண்டும். பெயரை நம்பி வாங்காதீர்கள். நாஸுக்கு என்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருந்ததை அந்தக் கம்பெனி 2020-இல்தான் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு சிஎம்ஆர் வகை ரெட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. பெட்டியில் உள்ள மாடல் நம்பரை கம்பெனியின் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு பணம் கொடுங்கள்.

இரண்டாவது, படிக்க முடியாத செக்டார் வந்தால் டிஸ்க் என்ன செய்கிறது என்பது. டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக நிமிடக்கணக்கில் கூட முயலும், தனியாக ஓடும்போது அதுதான் சரி. ரெய்டில் இருக்கும்போது இவ்வளவு நேரம் பதில் வராததால் கன்ட்ரோலர் அந்த டிஸ்க் செத்துவிட்டது என்று தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் பொதுவாக 7 நொடியில் கைவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். ரெய்டு அந்தத் துண்டை மற்ற டிஸ்க்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். விலை வித்தியாசத்துக்கு இந்த ஒன்றே காரணமாகப் போதும்.

13. எல்லா டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே சைஸா இருக்கணுமா?

சைஸ் ஒன்றாக இருப்பது நல்லது. சாதாரண ரெய்டில் மிகச் சிறிய டிஸ்க்கின் அளவுதான் எல்லாவற்றுக்கும் கணக்கு. 4, 8, 8 டிபி போட்டால் மூன்று 4 டிபி மாதிரிதான் நடத்தும். சினாலஜி நாஸ் பாக்ஸில் வரும் எஸ்எச்ஆர், அன்ரெய்டு என்ற நாஸ் மென்பொருள் போன்றவை கலப்பு சைஸை ஓரளவு நன்றாகவே பயன்படுத்தும்.

கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே கடையில், ஒரே நாளில், அடுத்தடுத்த சீரியல் நம்பரில் நாலு டிஸ்க் வாங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். ஒரே பேட்ச்சில் குறை இருந்தால் நாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுக்கும்.

14. மதர்போர்டுலயே ரெய்டு ஆப்ஷன் இருக்கே. தனியா கார்டு எதுக்கு?

மதர்போர்டு ரெய்டு பெரும்பாலும் பெயருக்குத்தான் ஹார்ட்வேர், வேலை செய்வது டிரைவர் சாஃப்ட்வேர். போர்டு போனால் அதே வகை போர்டு தேட வேண்டிவரும். பயாஸ் ரீசெட் ஆனதும் ரெய்டு ஆப்ஷன் அணைந்துபோய், டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரிந்து அலறியடித்துக்கொண்டு போன் செய்பவர்கள் உண்டு. தரமான தனி கார்டு நன்றாக ஓடும். அது போனாலும் அதே குடும்பக் கார்டு தேவை, நம் ஊரில் ஐந்து வருடம் கழித்து அது கிடைக்குமா என்று யோசிக்க வேண்டும்.

லினக்ஸுக்குள்ளேயே வரும் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டி ரெய்டு அல்லது இசட்எஃப்எஸ் என்றால் டிஸ்க்குகளை அதற்கான மென்பொருள் உள்ள எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் அடையாளம் தெரிந்துகொள்ளும். பெரும்பாலான நாஸ் பாக்ஸ்களுக்குள் இருப்பதும் எம்டி ரெய்டுதான். சிறிய இடங்களுக்கு நான் சாஃப்ட்வேர் ரெய்டுதான் போடுகிறேன். பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் போடுவதாக இருந்தால் அதன் சொந்த ரெய்டு 5, 6 வேண்டாம். அதை உருவாக்குபவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

15. எங்க ஊர்ல அடிக்கடி கரண்ட் போகும். ரெய்டுக்கு ஏதாவது ஆகுமா?

பாரிட்டி ரெய்டுக்கு ஆகலாம். கேள்வி 6-இல் டேட்டாவும் பாரிட்டியும் தனித்தனி டிஸ்க்கில் எழுதப்படும் என்று பார்த்தோம். டேட்டா எழுதியாயிற்று, பாரிட்டி எழுதும் முன் கரண்ட் போய்விட்டது என்றால் இரண்டும் பொருந்தாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு டிஸ்க் போய் ரீபில்ட் செய்யும்போது அந்த இடத்தில் தவறான டேட்டா உருவாகும். பேட்டரி உள்ள கன்ட்ரோலர் கார்டு இதைச் சமாளிக்கும். இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதால் இந்தச் சிக்கலே வராது.

எதுவானாலும் யுபிஎஸ் வையுங்கள். அதிலிருந்து நாஸுக்கு யுஎஸ்பி வயர் போட்டால் பேட்டரி தீரும் முன் நாஸ் தானாக ஷட்டவுன் ஆகும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால் அதை யுபிஎஸ் மோடில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

16. எஸ்எஸ்டிக்கும் ரெய்டு வேணுமா? அதுல ஓடுற பாகமே இல்லையே?

வேலை நிற்கக் கூடாது என்றால் ரெய்டு 1 வேண்டும். எஸ்எஸ்டி பல சமயம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே அடியாகக் காணாமல் போகும். ரெய்டு 1-இல் இரண்டிலும் ஒரே அளவு எழுதுவதால் இரண்டும் ஒரே மாதிரி தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டும் வேறு வேறு மாடலாக இருக்கட்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2019 நவம்பரில் எச்பிஇ என்ற சர்வர் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பு. அவர்களின் சில சர்வர் எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் ஆன் செய்த எல்லா டிஸ்க்கும் ஏறக்குறைய ஒன்றாகப் போகும் என்பதால் எந்த ரெய்டும் உதவாது. ஃபர்ம்வேர் அப்டேட் மட்டும்தான் வழி. கேள்வி 3-ஐ நான் ஏன் அவ்வளவு அழுத்துகிறேன் என்பது இப்போது புரியும்.

17. இப்போ நாலு டிஸ்க்ல ஆரம்பிச்சு, அப்புறம் ஒண்ணொண்ணா கூட்டிக்கலாமா?

லினக்ஸ் எம்டி ரெய்டிலும் பல நாஸ் பாக்ஸ்களிலும் முடியும். இசட்எஃப்எஸ்-இல் ரெய்டு-இசட் (அதன் பாரிட்டி ரெய்டு) தொகுப்புக்கு ஒரு டிஸ்க் சேர்க்கும் வசதி நெடுங்காலம் இல்லை, 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல் வந்தது. எதில் செய்தாலும் மொத்த டேட்டாவும் இடம் மாறும், டிஸ்க்குகளுக்கு அன்று கடுமையான உழைப்பு. பேக்கப் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ஆறு டிஸ்க் வேண்டும் என்று இப்போதே தெரிந்தால், ஆறு இடம் உள்ள பாக்ஸை வாங்கி ரெய்டு 6-இலேயே தொடங்குங்கள்.

18. பச்சை லைட் எரியுது, எல்லாம் ஓடுது. வேற என்ன பாக்கணும்?

முதலில் ஈமெயில் அலர்ட் வேலை செய்கிறதா என்று ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் செத்து மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல், இரண்டாவது போன பிறகு கூப்பிடும் இடங்கள் நிறைய. ரெய்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது, யாரிடமும் சொல்ல வழி இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மாதம் ஒரு ஸ்க்ரப். டெபியன் லினக்ஸில் எம்டி ரெய்டு போட்டால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும், நாஸ் பாக்ஸில் நீங்கள் நேரம் வைக்க வேண்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் பட்டியலில் மூன்று எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றப்பட்ட செக்டார், 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார், 198 திருத்த முடியாதது. இவை பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடுங்கள். கூகுள் 2007-இல் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும்போது தெரியும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு, வராத டிஸ்க்கைப் போல 39 மடங்கு. அதே பட்டியலில் டேட்டா போகும் வழியில் வரும் பிழையை எண்ணும் 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். அது பெரும்பாலும் சாட்டா கேபிள் கோளாறு, கேபிளை மாற்றிப் பாருங்கள்.

19. ஒரு டிஸ்க் போயிடுச்சு! இப்போ முதல்ல என்ன செய்யணும்?

புது டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் பேக்கப் நேற்று வரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிக முக்கியமானதை வெளியே காப்பி எடுங்கள். ரீபில்டுதான் டிஸ்க்குகளைக் கடுமையாக வேலை வாங்கும் என்பதால் அதைத் தொடங்கும் முன் இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்து, செத்த டிஸ்க் எது என்பதை சீரியல் நம்பரை வைத்து உறுதி செய்யுங்கள். மூன்றாவது ஸ்லாட் என்று மென்பொருள் சொல்வது 0-விலிருந்து எண்ணியதா 1-இலிருந்து எண்ணியதா என்று குழம்பி, நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் ரெய்டு 5 அந்த நொடியே விழும். பாக்ஸ் அமைக்கும் அன்றைக்கே ஒவ்வொரு ட்ரேயின் முகத்திலும் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை ஒட்டி வைத்தால் இந்தப் பதற்றமே வராது.

20. ரெண்டாவது டிஸ்க்கும் போயி, பாக்ஸ் "புதுசா இனிஷியலைஸ் பண்ணவா?"ன்னு கேக்குது. ஓகே கொடுக்கலாமா?

கூடாது. கையை எடுத்துவிட்டு பாக்ஸை அணையுங்கள். முழு பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம், இந்தப் பதிலின் மிச்சம் தேவையில்லை. இல்லை என்றால், எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

பல சமயம் இரண்டாவது டிஸ்க் முழுதாகச் செத்திருக்காது, சில செக்டார்கள் படிக்காததால் வெளியே தள்ளப்பட்டிருக்கும். அதை லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் மூலம் புது டிஸ்க்குக்கு பிரதி எடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் மெதுவாக முயலும். மற்ற டிஸ்க்குகளையும் பிரதி எடுத்து, பிரதிகளை வைத்துத்தான் ரெய்டை ரீட்-ஒன்லியாகக் கோர்த்துப் பார்க்க வேண்டும். ஒரிஜினல் டிஸ்க்கில் ஒரு பைட் கூட எழுதக் கூடாது. முதலில் செத்த டிஸ்க்கை இதில் சேர்க்காதீர்கள், அதில் இருப்பது அது வெளியேறிய நாளின் பழைய டேட்டா. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் பவர் கொடுக்கவே வேண்டாம், நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டு போங்கள். ஸ்லாட் வரிசை எழுதிய சீட்டையும் கூடவே கொடுங்கள்.